வாடகைக்குப் பங்கு உண்டா?

இலாபம் எதற்காகக் கிடைக்கிறது என்னும் வினாவிற்கு நம் பொருளியல் பாடநூல் பல விடைகள் தருகிறது. அவற்றுள் இரண்டு, தேர்வில் தவறாமல் வருபவை. ஒன்று, அமெரிக்க அறிஞர் ஹாலி கூறிய இடர் தாங்கும் கோட்பாடு. தொழிலில் நேரக்கூடிய நட்டத்தைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்பவனுக்குக் கிடைக்கும் வெகுமதியே இலாபம் என்பது அதன் சாரம். மற்றொன்று, பிராங்க் நைட் 1921-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வகுத்துக் காட்டிய வேறுபாடு. முன்கூட்டிக் கணக்கிடத்தக்க இடர் வேறு. எக்கணக்கிலும் அடங்காத உறுதியின்மை வேறு. முன்னதற்குக் காப்பீடு செய்துகொள்ளலாம், பின்னதற்கு இயலாது, இலாபம் பின்னதிலிருந்தே பிறக்கிறது என்பார் அவர். இரண்டையும் மனப்பாடம் செய்து எழுதினேன். மதிப்பெண்ணும் குறைவில்லாமல் வந்தது. ஆனால் அவற்றின் பொருள் எனக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. மாசி மகம் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கரை கண்ணுக்கு மறைந்துபோன தொலைவில், என் மாமாவின் பைபர் படகில்தான் விளங்கிற்று. அந்த ஒரு நாளின் கணக்கை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் குருசுக்குப்பத்தில் பிறந்தவன். புதுச்சேரிக்கு வருவோர் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைக் கண்டுவிட்டு வடக்கே சிறிது தூரம் நடப்பர். பழைய சாராய ஆலைப் பக்கம் வந்ததும் திரும்பிவிடுவர். அதற்கப்பால்தான் எங்கள் ஊர். எங்களுக்கு வடக்கே வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலத்து முருகன் முதலாகப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வது அந்தக் கடற்கரையில்தான்.

என் தாத்தா காலத்தில் ஊருக்கு முன்னே கட்டுமரங்களை ஏற்றிப் போடவும், வலை உலர்த்தவும், கருவாடு காயவைக்கவும் மணல் இருந்ததாம். நான் கண்டதெல்லாம் கருங்கல். 1980களின் பிற்பகுதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வழியில் சுவர் குறுக்கிடவே, மணல் தென்புறத்தில் தங்கிற்று, வடபுறம் தேய்ந்தது. கடலை நிறுத்தக் கரையோரம் பாறைகள் கொட்டப்பட்டன. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலுக்கடியில் எஃகுத் தடுப்பொன்று இறக்கப்பட்டது. அதன் பின் நகரத்து முன்புறத்தில் மணல் மீண்டும் சேர்ந்தது. ஆயினும் மாமாவின் படகு நிற்பது தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில். வீடு ஓரிடம், படகு ஓரிடம்.

இதை ஏன் சொல்கிறேன் எனின், ஊருக்கு முன்னே படகு கிடந்தவரை, படகைத் தேடி வருபவர் எங்கள் வாசல்களைத் தாண்டித்தான் வரவேண்டும். யார் வந்தார், என்ன பேசினார் என்பது ஊரறிந்த செய்தியாக இருக்கும். துறைமுகத்தில் பேசிய பேச்சு வீடு வந்து சேர இரண்டு நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் எழுந்த வழக்கிற்கு இதுவும் ஒரு காரணம்.

பங்குக் கணக்கு

மாமாவின் படகில் நால்வர் தொழில் செய்கின்றனர்: மாமா, என் அப்பா, மற்றும் இருவர். படகும் எஞ்சினும் மாமாவுடையவை. வலையில் ஒரு பகுதி மாமாவினது, மறுபகுதி அப்பாவினது. கரை சேர்ந்ததும் மீன் ஏலம் போகும். வந்த தொகையில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாடு ஆகியவற்றின் செலவு கழியும். மிச்சத்தில் ஒரு பாதி படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் உரியது. மறுபாதி நான்கு ஆள்பங்கு. மாமாவும் ஓர் ஆளாகக் கடலில் இறங்குவதால் அவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இது எங்கள் படகின் வழக்கம். கரைக்குக் கரை, படகுக்குப் படகு விகிதம் மாறும். மாறாதது ஒன்றுதான்: கூலி என்பது எவருக்கும் இல்லை. மீன் வந்தால் பங்கு, வராவிட்டால் வெறுங்கை. அன்றைய டீசல் செலவு மட்டும் படகின் பெயரில் நிற்கும்.

மீன் கிடைப்பதை எங்கள் பேச்சில் 'பாடு' என்போம். "இன்னிக்கு இன்னா பாடு?" என்பதே துறையில் முதல் விசாரிப்பு. துன்பத்திற்கும் தமிழில் அதே சொல் வழங்குவதை நெய்தல் நிலத்தார் எவரும் வியப்பாக எண்ணுவதில்லை.

கணக்கு எளிதாக விளங்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தொகைகள் கற்பனையே, முறைமை உண்மை. ஒரு நாள் கடலுக்குப் போகச் செலவு 3,000 ரூபாய். பத்து நாளில் நான்கு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு நாள் 5,000 ரூபாய்க்கு மீன். இரண்டு நாள் மட்டும் 20,000 ரூபாய்க்கு மீன். மொத்த வரவு 60,000. மொத்தச் செலவு 30,000. ஆகவே சராசரியாக நாளொன்றுக்கு 3,000 ரூபாய் மிச்சம் என்று நாம் தேர்வில் எழுதிவிடுவோம். ஆனால் பங்கு பிரிப்பது சராசரியின் மேல் அன்று. மீன் வந்த ஆறு நாளில் செலவு போக மிஞ்சியது 42,000. அதில் பாதியாகிய 21,000 நான்கு ஆள்பங்கானால், ஆளுக்குப் பத்து நாளில் 5,250. படகின் பாதி 21,000. அதிலிருந்து வெறும் நாட்களின் டீசல் கடன் 12,000 கழிந்தால், படகு, எஞ்சின், வலை மூன்றுக்குமாக எஞ்சுவது 9,000. வெறும் நாளின் கடனை மறுநாள் வரவில் எல்லோர் தலையிலும் கழிக்கும் படகுகளும் உண்டு. எளிமைக்காக அதை விட்டுவிடுகிறேன்.

சராசரி என்பது பத்து நாள் காத்திருக்க முடிந்தவனுக்கே உரியது. நான்கு வெறும் நாட்களும் அடுத்தடுத்து வந்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அங்கேதான் வியாபாரியின் முன்பணம் நுழைகிறது. முன்பணத்திற்கு வட்டி இல்லை என்பார்கள். உண்மைதான், மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக் கடனைப் பற்றி 1890களில் புகழ்பெற்ற அறிக்கை அளித்த சர் பிரெடரிக் நிக்கல்சன்தான் 1907-இல் அமைந்த மாகாண மீன்வளத் துறைக்கும் வழிகாட்டியாக இருந்தார். உழவன் கடனை ஆராய்ந்தவர் மீனவனிடம் வந்து சேர்ந்தது தற்செயல் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அதே படகை ஒருவர் ஒரு நாளைக்கு 8,000 ரூபாய் வாடகைக்குக் கேட்கிறார் எனக் கொள்வோம். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 8,000. செலவு போக 5,000. முன்பணம் வேண்டாம், ஏலம் வேண்டாம். ஆள் இருவர் போதும். நான்கு பேர் வேலை செய்யும் படகில் இருவர் போதும் என்னும் இந்த இடத்தில்தான் சிக்கல்.

அப்பாவின் கேள்வி

விடுதியொன்றில் வேலை செய்யும் பழக்கமானவர் வழியாகப் பேச்சு வந்தது. பெங்களூரிலிருந்து இருவர், கணினித் தொழிலில் இருப்பவர்கள், சொந்தத் தூண்டில் கோல்களோடு வருகிறார்கள், ஆழ்கடலில் ஒரு நாள் மீன் பிடிக்க வேண்டும். நல்ல நாளாக அமைந்தால் ஞாயிறுதோறும் ஆள் அனுப்புவதாகவும் அந்தப் பழக்கமானவர் கூறியிருந்தார். மாமாவுக்கு எஞ்சின் வாங்கிய கடன் இருந்தது. ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் பேச ஒருவன் வேண்டும் என்று என்னை அழைத்தார். அப்பாவை அழைக்கவில்லை.

சனிக்கிழமை இரவு அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மீனுக்குப் பங்கு உண்டு. வாடகைக்குப் பங்கு உண்டா மச்சான்?"

மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "போயிட்டு வந்து பேசிக்கலாம் மச்சான். மொதல்ல இன்னா தேறுதுன்னு பார்ப்போம்" என்றார்.

படகை வாடகைக்கு விடுவது எங்கள் கரைக்குப் புதிதன்று. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கப்பல்கள் கரையை அணுக முடியாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் மனிதரையும் அலை கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தவை சலங்கு எனப்பட்ட தைத்த படகுகள். அதில் துடுப்புப் போட்டவன் பெற்றது கூலி. மீன் என்ற பேச்சே அங்கில்லை. ஆகவே பங்கு என்ற பேச்சும் இல்லை. விளையாட்டாக மீன் பிடிப்பதும் புதிதன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாமஸ் என்னும் ஆங்கில அதிகாரி இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-இலேயே நூல் எழுதினார். கலிபோர்னியாவின் கேட்டலினாத் தீவில் 1898-இல் சூரை மீன் பிடிப்போர் சங்கமே தோன்றிவிட்டது. அங்கெல்லாம் படகோட்டி கூலிக்காரன் அல்லது படகுக்குச் சொந்தக்காரன். பங்காகத் தொழில் செய்யும் ஒரு படகு, ஒரு நாள் மட்டும் வாடகைப் படகாக மாறினால் என்ன விதி என்பதற்கு எந்த நூலிலும் விடை இல்லை. அப்பாவின் கேள்வி பாடநூலுக்கு வெளியே இருந்தது.

கரை தாழ்தல்

விடியற்காலை நான்கு மணிக்குத் தேங்காய்த்திட்டிலிருந்து புறப்பட்டோம். விருந்தினர் இருவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து அணியத்துப் பக்கம் அமர்ந்தனர். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தது. அங்கே அலை எழும்பிப் புரளும்; தவறான நேரத்தில் நுழைந்த படகுகள் கவிழ்ந்ததுண்டு. மாமா எஞ்சினைத் தாழ்த்தி, இருட்டில் அலையின் ஓசையைக் கேட்டுக்கொண்டே நின்றார். ஏழோ எட்டோ அலைகளை விட்டார். பிறகு ஒரே முறுக்கு. அணியம் எழும்பி இறங்கிற்று. "முடிஞ்சிதுடா" என்றார். அந்த இரண்டு நிமிடத்திற்கு எந்தக் கருவியும் உதவவில்லை.

முதுகுப் பக்கம் கரைக்காற்று. இரவில் நிலம் விரைவில் குளிர்கிறது. கடல் மெதுவாகக் குளிர்கிறது. ஆகவே விடியலில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். பகலில் திசை மாறும். பாய் கட்டிய கட்டுமரக் காலத்தில் இந்த இரு காற்றுகளே போகவும் வரவும் எஞ்சின். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த பைபர் படகுகள் கட்டுமரத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. ஆயினும் மாமா புறப்படும் நேரத்தை இன்னும் பழைய காற்றே தீர்மானிக்கிறது.

எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அவர் இரண்டு வகையாக அறிகிறார். ஒன்று, கையடக்க ஜி.பி.எஸ். கருவி. மற்றொன்று, 'கரை தாழ்தல்'. விடிந்த பின் திரும்பிப் பார்த்தால் முதலில் கடற்கரைச் சாலைக் கட்டடங்கள் தாழும், பின் தென்னைகள், கடைசியாகக் கலங்கரை விளக்கம். இதனை நம் கணிதத்தாலும் சரிபார்க்கலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பது கிடைக்கும். 1836 முதல் ஒளிவிட்ட பழைய கலங்கரை விளக்கத்திற்கு மாற்றாக 1979-இல் எழுந்த புதிய கோபுரத்தின் உயரம் 48 மீட்டர். அதன் பங்கு ஏறத்தாழ 24.7 கி.மீ. படகில் நிற்பவன் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரம் எனில் அதன் பங்கு 5 கி.மீ. இரண்டும் சேர்ந்து சுமார் 30 கி.மீ. பதினைந்து மீட்டர் தென்னைக்கு இதே கணக்கில் சுமார் 19 கி.மீ. மாமாவுக்கு வர்க்கமூலம் தெரியாது. ஆனால் தென்னை மறைந்ததும் "ஒரு மணி நேரத்துல நெறம் மாறும் பாரு" என்றார். மாறிற்று.

பச்சை கலந்த நீர் ஒரு கோடு போட்டாற்போல் முடிந்து கருநீலம் தொடங்கிற்று. மும்பைக்கு எதிரே கண்டத்திட்டு 200 கி.மீ.க்கும் மேல் அகன்றது. நம் சோழமண்டலக் கரையிலோ சில பத்து கிலோமீட்டரே; அதற்கப்பால் கடலடி சரிந்துவிடும். புதுச்சேரி, கடலூர்ப் பகுதிக்கு எதிரே அந்தச் சரிவில் ஆழ்கடல் பள்ளத்தாக்குகளும் உள்ளன. ஆழத்துக் குளிர்ந்த நீர் சத்துப்பொருள்களோடு மேலெழும் இடங்களில் நுண்ணுயிர் பெருகும். அதைத் தின்னச் சிறுமீன் வரும். சிறுமீனைத் தின்ன வஞ்சிரமும் சூரையும் வரும். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியாகக் கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் அளந்து மீன் கூடும் இடங்களை அறிவிப்பது இந்த அடிப்படையில்தான். மாமா அதையும் கேட்கிறார். ஆலாப் பறவை எங்கே இறங்குகிறது என்பதையும் பார்க்கிறார். இரண்டும் மாறுபட்டால் பறவையின் பக்கம்தான் படகைத் திருப்புகிறார்.

ஓரிடத்தில் பறவைக் கோலாக்கள் கூட்டமாக எழுந்து பறந்தன. விருந்தினர் கைதட்டினர். நாகப்பட்டினம் பக்கத்தில் கோடையில் இந்தக் கோலாவுக்கென்றே ஒரு தொழில் நடந்தது. கொழிஞ்சிச் செடிக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிடுவர், முட்டையிட இடம் தேடும் கோலா அதில் வந்து குவியும், கைவலையால் அள்ளுவர். மீன்வள அறிஞர் ஹார்னெல் 1920களில் இதை விரிவாக எழுதிவைத்தார்.

இடரை விலைக்கு வாங்குதல்

போலி மீன் கட்டிய தூண்டில்களைப் படகின் பின்னால் விட்டு மெதுவாக ஓட்டினோம். ஒரு மணி நேரம், ஒன்றுமில்லை. இரண்டாவது மணி நேரமும் அப்படியே. மாமா ஐந்து முறை திசை மாற்றினார். வாடகை முன்னமே பேசியாயிற்று. மீன் வராவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை. ஆயினும் அவர் முகம் வெறும் நாளின் முகமாகவே இருந்தது. விருந்தினர் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தனர்.

மாமா என் காதருகே வந்தார். "இன்னாடா இது, ஒண்ணுமே மாட்டல, சிரிக்கிறாங்க?"

நான் அதை மரியாதையான ஆங்கிலமாக்கி அவர்களிடம் கேட்டேன். அவர்களில் மூத்தவர், மீன் உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் அதற்கு மீன் கடை இருக்கிறதே, கிடைக்குமா கிடைக்காதா என்பதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்றார். மாமாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அவங்களுக்கு நாளைக்குச் சம்பளம் உண்டுடா."

நண்பர்களே, ஹாலியின் கோட்பாடு எனக்கு அப்போது தலைகீழாக நின்று விளங்கிற்று. இடரை ஏற்க மனிதன் விரும்பமாட்டான், ஆகவே அதை ஏற்பவனுக்கு வெகுமதி தரவேண்டும் என்பது ஹாலியின் தொடக்கம். எங்கள் படகிலோ, இருவர் இடரைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தனர். அதே கடல், அதே வெறும் தூண்டில், அதே இரண்டு மணி நேரம். முந்தைய நாள் அது மாமாவுக்குச் செலவு. அன்றைக்கு அதுவே அவர் விற்ற சரக்கு. செலவும் சரக்கும் ஒரே பொருளாக இருக்கக் காரணம், வாங்கியவருடைய மாதச் சம்பளம். இடரின் அளவு கடலில் மட்டும் இல்லை. தாங்குபவனுடைய மறுநாளிலும் இருக்கிறது. பாடநூல் இதைச் சொல்லாமல் விட்டது ஒரு குறையென்றே கருதுகிறேன்.

ஒன்பதரை மணிக்குமேல் சூரை இரண்டு வந்தன. பின் ஒரு நல்ல வஞ்சிரம். அதன் பிறகு வலப்பக்கக் கோல் வில்லாக வளைந்து சுருளில் நரம்பு அலறிக்கொண்டு ஓடிற்று. ஐம்பது அறுபது மீட்டருக்கப்பால் ஒரு மயில் கோலா முழு உடலோடு எழும்பி, முதுகுச் சிறகை விரித்து, வாலால் நீரில் நின்றது. அதைப் படகருகே கொண்டுவர நாற்பது நிமிடம் ஆயிற்று. மாமா வழக்கம்போல் கொக்கியைக் கையில் எடுத்துக் குனிந்துவிட்டார். மூத்தவர் பதறிக் கையசைத்தார்.

"வேணாமாம் மாமா. விட்டுடப் போறாங்களாம்."

மாமா கொக்கியைக் கீழே வைத்தார். அந்த மீன் ஏலத்தில் என்ன போகும் என்று அவர் மனத்தில் ஓடிய தொகையை என்னால் முகத்திலேயே படிக்க முடிந்தது. அவர்களது தூண்டில் முள் வட்டமாக வளைந்த வகை. அது தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். எடுத்துவிட்டால் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம். மாமாவே கையுறையோடு அதன் மூக்கைப் பிடித்துக்கொண்டார். படகை மெதுவாக முன்னே செலுத்தி, வாய்க்குள் நீர் ஓடும்படி சிறிது தூரம் கொண்டுபோனோம். உடல் நிறம் திரும்பிற்று. ஓர் உதறல், கைவிட்டார், போய்விட்டது.

"முப்பது வருசமா மீனை மேல இழுத்திருக்கேன். உள்ள போறத இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார். மகிழ்ச்சியாகச் சொன்னாரா வருத்தமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

நாற்பது நிமிடம்

நண்பகலில் எஞ்சின் திணறி நின்றது. எவரோ அறுத்துவிட்ட பழைய வலைத்துண்டு ஒன்று மிதந்து வந்து இறக்கையில் சுற்றிக்கொண்டது. மாமா கைலியை இறுக்கிக் கட்டி, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தார். உயிர்காப்புச் சட்டையோடு மூழ்க முடியாது. ஆகவே அவருக்கு அது இல்லை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு நின்றுபோயிற்று. இளையவர் இரண்டு முறை என்னிடம் கரை எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

எஞ்சின் நின்ற படகு நீரோட்டத்தின் கையில். மாசி, பங்குனியில் நம் கரையோர நீரோட்டம் பொதுவாக வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கித் திரும்பும். சென்னை மீனவர் வாய்மொழியில் தெற்கிலிருந்து வருவதற்குத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதற்கு வன்னி என்றும் பெயர். ஜி.பி.எஸ். கருவியில் நாங்கள் வடக்கே நழுவிக்கொண்டிருந்தது தெரிந்தது. மாமா மூழ்குவார், அறுப்பார், மூச்சுக்கு மேலே வருவார். நாற்பது நிமிடம். மயில் கோலாவுக்கு ஆனதும் அதே நாற்பது நிமிடம்தான் என்பது பிறகே நினைவுக்கு வந்தது.

நைட் கூறிய வேறுபாடு இங்கே நின்றது. மீன் கிடைக்காத இடரை விருந்தினர் வாங்கிவிட்டனர். மாமா நீருக்கடியில் இருக்கும் இடரை அவர்கள் வாங்கவில்லை, எவரும் வாங்கமாட்டார். மீன் பிடிக்கப் போய் விபத்து நேர்ந்தால் கேட்க வழியுண்டு. வாடகைப் பயணத்தில் நேர்ந்தால் யாரைக் கேட்பது? பின்னர் நான் விசாரித்த இருவர் இருவேறு விடை கூறினர்.

எஞ்சின் பிடித்ததும் மாமா வேறெதுவும் பேசாமல் தண்ணீர் கேட்டார். கடற்காற்று எழுந்துவிட்டது. அது முதுகில் வீசக் கரை நோக்கித் திரும்பினோம்.

பேச்சுக்கு அரைப் பங்கு

மூன்று மணியளவில் துறைமுகம். அப்பா ஏலத்திடலில் காத்து நின்றார். விருந்தினர் வஞ்சிரத்தைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டனர். அதில் ஒரு துண்டை மட்டும் விடுதியில் சமைக்க வாங்கிக்கொண்டு, மிச்சத்தையும் சூரைகளையும் எங்களுக்கே விட்டுச் சென்றனர். வாடகையை எண்ணிக் கொடுத்தனர். மாமாவின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினர்.

மீனைப் பற்றி வழக்கே எழவில்லை. ஏலத்தில் வந்ததை மாமா நால்வருக்கும் சமமாகப் பிரித்தார். வராத மூவருக்கும் உண்டு. மீன் என்றாலே பங்கு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வாடகைப் பணம்தான் இரவு எங்கள் வீட்டுப் பாயின்மேல் வந்தது. டீசல், ஐஸ், சாப்பாடு கழித்தார். மிச்சத்தில் பாதியைப் படகுக்கும் எஞ்சினுக்கும் என ஒதுக்கினார்.

"வலை?" என்றார் அப்பா.

"வலை கரையில காஞ்சிது மச்சான். காஞ்ச வலைக்குப் பங்கு எப்பிடி?"

"அது தன்னால காயல. நீ காயப்போட்ட."

மாமா பதில் கூறவில்லை. மறுபாதியை இரண்டு ஆள்பங்காக்கினார். ஒன்றைத் தன் பக்கம் வைத்தார். மற்றொன்றை, அது என் பங்கு, அப்பாவின் கையில் வைத்தார். அப்பா எண்ணினார். பாதியை எடுத்துப் பாயில் திரும்ப வைத்தார்.

"இவன் தூண்டில் இழுக்கல, எஞ்சின்ல கை வெக்கல. பேச்சுதான் பேசினான். பேச்சுக்கு அரைப் பங்கு போதும்."

நான் கயிற்றைப் பிடித்த நாற்பது நிமிடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் சொல்லாமல் விட்டேன். அம்மாவுக்கு அது தெரிய வேண்டாம் என்பது அவர் எண்ணம். பாயில் கிடந்த அரைப் பங்கை அவர் எடுத்து இரண்டாகப் பிரித்து, படகில் வழக்கமாக வரும் மற்ற இருவர் பெயரில் வைத்தார். வலையின் பங்கைப் பற்றி அன்றிரவு முடிவாகவில்லை. இதை எழுதும்வரை முடிவாகவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வாடகை பேசியாகிவிட்டது. அன்றைக்கு வைத்திக்குப்பத்துப் படகொன்றில் ஓர் ஆள் குறைகிறதாம். தன் வலையை எடுத்துக்கொண்டு அதில் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.